வெள்ளி நிறம் அறிந்தவருக்கு



வெள்ளி நிறக் காரை எந்த வெளிச்சத்தில் காட்ட வேண்டும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கோவையில் பழைய கார் விற்கும் பல கன்சல்டிங் கடைகளில் கார்களை வெட்டவெளியில் வரிசையாக விட்டு, மேலே பச்சை வலையைக் கட்டி, வருகிறவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கடையில் ஒவ்வொரு காருக்கும் யோசித்து இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். சிவப்பும் நீலமும் வாசலில் வெயிலில் நிற்கின்றன. அந்த வெள்ளி நிற ஹேட்ச்பேக் மட்டும் தகரக் கூரைக்கு உள்ளே, எல்.இ.டி. குழல் விளக்குக்கு நேர் கீழே, இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. சுவருக்கும் காருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம். பின்வாங்கி நின்று பார்க்க முடியாது. கடை திறந்ததும் அதற்குத்தான் முதல் தண்ணீர். என் அக்கா மகன் கார் வாங்கப் போன நேரத்தில் பானட்டில் ஈரம் இன்னும் காயவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் அறிவு சாதாரணமானதல்ல. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

வெள்ளி நிறம் என்று நாம் சொல்லும் மெட்டாலிக் பெயிண்டுக்குள் மெல்லிய அலுமினியச் செதில்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு செதிலும் பொடிக் கண்ணாடித் துண்டு மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். செதில்கள் மேல்பரப்பில் தட்டையாகப் படிந்தால், நேராகப் பார்க்கும்போது பளிச்சென்று வெளுத்துத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இருளும். தாறுமாறாகச் சரிந்து நின்றுவிட்டால் நேர்ப்பார்வையில் மங்கும், சாய்ந்த பார்வையில் சற்று வெளுக்கும். அவை எப்படிப் படியும் என்பதை டப்பாவில் இருக்கும் நிறம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தள்ளிப் பிடித்தார்கள், கம்ப்ரசரில் காற்று எவ்வளவு, தின்னர் வேகமாக ஆவியாகிறதா மெதுவாக ஆவியாகிறதா, அன்றைக்கு வெயிலா மழை ஈரமா என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். ஈரமாக விழுந்த பூச்சு கறுக்கும், உலர்வாக விழுந்தது வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே கை என்றாலும் காலையில் அடித்த கதவும் மதியம் அடித்த கதவும் வேறு வேறாக வந்து நிற்கலாம். வெள்ளி நிறம் என்றால் நல்ல பெயிண்டரே ஒரு நிமிடம் யோசிப்பது இதனால்தான்.

இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமானால் நேர் வெயில் வேண்டும். நாலைந்து அடி பின்னால் போய், இரண்டு கதவையும் ஒரே பார்வையில் வைத்து, நடந்துகொண்டே கோணத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். சுவர் நிழலில் அலுமினியத்துக்கு வேலை இல்லை. மேலே ஈரம் இருந்தால் பூச்சின் சொரசொரப்பும் தாள் போட்டுத் தேய்த்த கோடுகளும் தண்ணீருக்குள் அமுங்கிவிடும். நிறமிகள் வேறாக இருக்கும் இரண்டு பூச்சுகள் ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்து, வெயிலுக்கு வந்ததும் பிரிந்து நிற்பதும் உண்டு. நிழல், தண்ணீர், குழல் விளக்கு ஆகிய மூன்றையும் நீங்கள் ஒரே காருக்கு ஒதுக்கினீர்கள். வாசலில் நின்ற வெள்ளைக் காருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அதற்குத் தேவையில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்கு வேலை செய்த பெயிண்டரை இன்னும் மனம் திறந்து பாராட்டுவேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் வேலையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

கார் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிப்பது ஒரு வகை, பட்டறையில் அடிப்பது வேறு வகை. அங்கே வெறும் கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் பிரைமர் ஏற்றுகிறார்கள். பிறகு அடுப்புக்குள் அனுப்பிச் சுடுகிறார்கள். நிறமும் அதன் மேல் நிறமற்ற கிளியர் பூச்சும் ஏறிய பிறகு சுமார் 140 டிகிரியில் மறுபடி சூடு. கண்ணாடி, டயர், ஒயரிங் எதுவும் இல்லாத கூடு என்பதால் அது தாங்குகிறது. பட்டறைக்கு வருகிற காரில் இதெல்லாம் இருக்கும், ஆகவே 60 டிகிரியைத் தாண்டப் பயப்படுவார்கள். ஹார்டனர் கலந்தால் தானாக இறுகும் வேறு வகைப் பூச்சைத்தான் அங்கே அடிக்க முடியும். வேறு பொருளை வைத்து, வேறு சூட்டில், தொழிற்சாலைப் பூச்சின் சாயலைக் கொண்டுவர வேண்டும்.

காரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்துக் கலர் கோடைச் சொன்னால் சரியான நிறம் கிடைத்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். ஒரே கோடுக்குப் பெயிண்ட் கம்பெனிகளின் ஃபார்முலாவில் பல வகைகள் இருக்கும். ஆலைக்கு ஆலை, தொகுதிக்குத் தொகுதி நிறம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். உங்கள் காருக்கு அதற்கு மேல் ஆறு வருட வெயில் வேறு. பெரிய பாடி ஷாப்களில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வைத்துப் பல கோணங்களில் அளப்பார்கள். இரண்டு நிறங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை டெல்டா இ என்ற எண்ணாக அது சொல்லும். 1-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம். தகரக் கொட்டகைப் பட்டறைகளில் அந்தக் கருவி கிடையாது. அட்டையில் அடித்து, கிளியர் போட்டு, காயவைத்து, வெயிலுக்கு எடுத்து வந்து காரின் மேல் வைத்துக் கண்ணால் பார்ப்பார்கள். ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டு நீலம் சேர்த்து மறுபடி அடிப்பார்கள்.

உங்கள் காரின் இடது ஃபெண்டரிலிருந்து பானட்டுக்கு அந்த மனிதர் நிறத்தைக் கொண்டுபோன விதம் அருமையானது. ஃபெண்டர் புதியது, பானட் பழையது. ஆனால் பானட்டில் எங்கே புதுப் பூச்சு மெலிந்து பழையதில் கரைகிறது என்று நான் எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிளெண்டிங் என்றால் அதுதான் பிளெண்டிங். இந்த வேலைக்குக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தொழில் சார்ந்த ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று தரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும். நான் போய்ப் பார்த்த பட்டறைகளில் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கைகள் உங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றை எந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதையும் கண்டுவைத்திருக்கிறீர்கள்.

அக்கா மகன் வாங்கிய அந்தக் கார் வீட்டுக்கு வந்தது. சாயங்கால வெயில் இடது பக்கத்தில் விழுந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த என் அக்கா கேட்டாள்: "ஏன்டா, இந்த முன்கதவு மட்டும் சாம்பல் அடிச்ச மாதிரி இருக்குது?" பின்கதவு வெளுப்பாக இருந்தது, முன்கதவு மங்கிக் கிடந்தது. இரண்டடி தள்ளிப் போனால் அப்படியே மாறிவிட்டது. பின்கதவு இருண்டது, முன்கதவு வெளுத்தது.

அன்றைக்கே அக்கா மகன் உங்களுக்கு போன் செய்தான். நீங்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அது சும்மா டச்சப்புங்க தம்பி. பார்க்கிங்ல எவனோ கீறிட்டுப் போயிருக்கான். டாக்டர் வச்சிருந்த வண்டி, சிங்கிள் ஓனரு. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க."

குரலில் பதற்றமில்லை, கோபமில்லை. மரியாதை குறையவில்லை. அவன் சமாதானமாகி வைத்துவிட்டான். வயதில் சின்னவன் ஒருவனின் கவலையை இவ்வளவு சீக்கிரம் இறக்கிவைக்கும் குரல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அந்தக் குரலில் ஒரு ஆஸ்பத்திரி நடத்தலாம்.

சிங்காநல்லூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். காரை அவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் சொன்னதும் பாராட்டுத்தான்: "இத அடிச்சவன் நல்ல வேலைக்காரன்ங்ணா." பிறகு முன்கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கை நகத்தால் மடக்கிக் காட்டினார். உள்மடிப்பில் வெள்ளிப் பொடி மணல்மணலாக ஒட்டியிருந்தது. கதவைத் தாங்கும் கீல் போல்டுகளின் விளிம்பில் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. ஸ்பேனர் பிடித்த அடையாளம் அது. தொழிற்சாலையில் பொதுவாகக் கதவை மாட்டிய பிறகுதான் போல்டுக்கும் சேர்த்துப் பெயிண்ட் ஏறும், அதற்குப் பிறகு அங்கே ஸ்பேனருக்குப் பெரும்பாலும் வேலை இல்லை.

அடுத்து, பெயிண்ட் தடிமன் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்தார். கூரையில் 112 மைக்ரான். பின்கதவில் 120. வலது பக்கக் கதவுகள் இரண்டும் இந்த அளவுக்குப் பக்கத்தில்தான். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150-க்குள் இருக்கும். இடது ஃபெண்டரில் 260. இடது முன்கதவில் 345. கதவுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவத் தகடு இருக்கிறதே, பட்டறைக்காரர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள், அதன் முன்பாதியில் கருவி 1,000-ஐத் தாண்டியது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அவ்வளவு கனத்தில் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. அது பட்டி. டப்பாவிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வைத்தார். பின்பாதியில் 'டக்'கென்று ஒட்டியது, முன்பாதியில் வழுக்கி விழுந்தது.

கால்மிதியைத் தூக்கி, கீழே ஒட்டியிருந்த கம்பளத்தையும் உரித்துப் பார்த்தோம். தகட்டை வெட்டி இன்னொரு தகட்டை வைத்து வெல்டு பிடித்த தழும்பு, ரன்னிங் போர்டிலிருந்து முன்கண்ணாடித் தூணின் அடிவரை போயிருந்தது. தொழிற்சாலை வெல்டு சீரான இடைவெளியில் வட்டப் புள்ளிகளாக இருக்கும். இது தொடர்ச்சியான மேடு. அதன் மேல் தடவிய சீலரும் வேறு. துரு ஏற்கெனவே கிளம்பிவிட்டது.

"பார்க்கிங் கீறல் இல்லீங்ணா. பக்கவாட்டுல பலமா வாங்குன வண்டி," என்றார்.

ஒரு காரின் முன்பகுதியும் பின்பகுதியும் மோதலில் நசுங்க வேண்டும், ஆட்கள் உட்காரும் நடுக்கூடு நசுங்கக் கூடாது. பேலா பாரெனி என்ற பொறியாளர் மெர்சிடிஸ் நிறுவனத்தில் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1959இல் விற்பனைக் காரிலேயே வந்துவிட்டது. இன்று சின்ன ஹேட்ச்பேக் வரை அதே கணக்குத்தான். முன்பக்கம் நசுங்க இடம் இருக்கிறது. பக்கவாட்டில் மோதல் வந்தால் உட்கார்ந்திருப்பவருக்கும் வெளியிலிருந்து வருவதற்கும் நடுவில் கதவு, தூண், ரன்னிங் போர்டு அவ்வளவுதான். அதனால்தான் அந்த இடங்களில் உறுதி கூடிய எஃகைப் போடுகிறார்கள். அந்த எஃகைக் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் பார்வைக்கு எஃகாகவே இருக்கும், உறுதி போய்விடும். எங்கே சூடு காட்டலாம், எங்கே வெட்டலாம், எந்தப் பாகத்தை முழுசாக மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கையேடே போட்டிருக்கிறார்கள்.

இடது முன் இருக்கை நம் ஊரில் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா மகனின் மனைவி அங்கேதான் உட்காருவாள். குழந்தையும் அவள் மடியில்தான். மடியில் உட்காரவைப்பதே தப்பு என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தக் கதவுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை முழு மனதோடு சொல்கிறேன். பெயிண்டர் ஒன்று சொன்னார்: "பின்கதவுக்கும் ஒரு கை இழுத்துவிட்டு, ரெண்டு கதவுக்கும் சேத்து கிளியர் அடிச்சிருந்தா சாமி வந்தாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுங்ணா. பேனலுக்கு இவ்வளவுன்னு கூலி. இன்னொரு பேனலுக்குக் காசு குடுத்திருக்க மாட்டாங்க." ஃபெண்டருக்குக் கொடுத்தீர்கள். கதவுக்குக் கொடுத்தீர்கள். பானட்டில் இழைக்கவும் கொடுத்தீர்கள், ஏனென்றால் வாங்க வருகிறவன் முதலில் முன்னால்தான் நிற்பான். பக்கவாட்டைச் சுவர் பார்த்துக்கொள்ளும் என்று முன்கதவோடு நிறுத்திக்கொண்டீர்கள். எந்த இடத்தோடு செலவை நிறுத்தலாம் என்று அளந்து வைத்திருக்கும் இந்தக் கணக்கு உங்களிடம் இல்லாமல் போயிருந்தால், அந்தப் பிள்ளைகள் இன்னும் அந்த ரன்னிங் போர்டை நம்பித்தான் அவிநாசிச் சாலையில் போய்க்கொண்டிருப்பார்கள். நீங்கள் மிச்சம் பிடித்த அந்த ஒரு பேனல் கூலிதான் அவர்களைக் காரிலிருந்து இறக்கியது.

உங்கள் காகித வேலையிலும் ஒரு குறை கிடையாது. ஆர்.சி. மாற்ற 29, 30 படிவங்களில் கையெழுத்து சரியாக இருந்தது. வண்டியின் மேல் இருந்த கடனுக்கு வங்கியின் தடையின்மைச் சான்று இருந்தது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை அவன் கேட்காமலேயே நீங்கள் சொன்னீர்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று முறை வந்ததையும், உங்களிடம் விடப்பட்ட வண்டிக்கு அந்த விதிகளின்படி நீங்களே பொறுப்பாளர் என்பதையும் விளக்கினீர்கள். ஆர்.சி.யில் நிறம் 'சில்வர்' என்று இருப்பதையும் விரல் வைத்துக் காட்டினீர்கள். அது உண்மைதான். எந்தக் கதவு எப்போது மாறியது என்று கேட்கும் கட்டம் 29லும் இல்லை, 30லும் இல்லை.

இன்சூரன்ஸையும் நீங்களே புதிதாகப் போட்டுக் கொடுத்தீர்கள். பழைய பாலிசியின் நகல் கோப்பில் இல்லை. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லை என்றால் 50 சதவீதம் வரை ஏறும். நடுவில் ஒரு கிளெய்ம் வந்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஆறு வருட வண்டியின் பழைய பாலிசியில் அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். அந்த போனஸ் வண்டிக்கு உரியதல்ல, பழைய உரிமையாளருக்கு உரியது. ஆகவே புது பாலிசியில் எப்படியும் பூஜ்யம்தான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். எந்தத் தாளைக் கேட்கமாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் அறிவை இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் மோசடி எது என்று சொல்கிறது. விற்பவர் சும்மா வாய் திறக்காமல் இருப்பது பெரும்பாலும் மோசடியாகாது. தனக்குத் தெரிந்த உண்மையைச் செயலால் மறைப்பது மோசடி. 'தெரிந்த' என்பதும் 'செயலால்' என்பதும் அங்கே முக்கியம். சாதாரணக் கவனம் வைத்திருந்தால் வாங்கியவரே கண்டுபிடித்திருக்கலாம் என்றால், மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்று 19ஆம் பிரிவில் விற்பவருக்கு ஒரு விலக்கும் இருக்கிறது.

ஆகவே, "எனக்கென்ன தெரியும், வந்த வண்டியை அப்படியே விற்றேன்" என்று நீங்கள் சொல்லத் தொடங்கினால், நான் குறுக்கே வந்து உங்களைப் பாராட்டியாக வேண்டும். உங்களுக்குத் தெரியும். வெள்ளி நிறத்துக்கு மட்டும் சுவர் நிழலைத் தேடிக் கொடுத்தவருக்கு அது ஏனென்று தெரியாமல் இருக்காது. "பட்டறையில் கொடுத்தேன், அவன் என்ன செய்தானோ" என்றால், பேனல் கணக்கில் கூலி பேசி, முன்கதவோடு நிறுத்தச் சொன்ன உங்கள் கணக்கறிவை யாரும் குறைத்து மதிப்பிட அனுமதிக்க மாட்டேன். "வாங்கினவன் பார்த்து வாங்கியிருக்க வேண்டியதுதானே" என்றால், உங்கள் பெயிண்டரின் திறமைக்கு நானே சாட்சி. தடிமன் கருவியும் காந்தமும் இல்லாமல், கம்பளத்தை உரிக்காமல், கார் வாங்கப் போன ஒரு சாதாரண மனிதனால் அந்த ரன்னிங் போர்டைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

நிறம் மாறியிருப்பதே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. பிளாஸ்டிக் பம்பரைத் தனியாக, குறைந்த சூட்டில், வளைந்து கொடுக்கும் பூச்சோடு அடிக்கிறார்கள். அதனால் ஷோரூமில் நிற்கும் புதுக் காரிலேயே பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் சிறு வித்தியாசம் இருக்கும். மொட்டை வெயிலில் நின்ற காரில் கூரையும் பானட்டும் கதவுகளுக்கு முன்னால் வெளுக்கும். சந்தில் மாடு இடித்த கதவை யோக்கியமாகச் சரிசெய்து ஓட்டுகிறவர்களும் உண்டு. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காரை விற்றார். வலது பின்கதவு நிறம் மாறியிருந்தது. வந்தவர்களிடம் கதவைத் திறப்பதற்கு முன்பே, "பால் வேன் உரசியது, பழுதுக்கு இதோ பில்" என்று எடுத்து நீட்டினார். பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். விலையைக் குறைத்தார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். கடைசியில் நியாயமான விலைக்கும் கீழேதான் கொடுத்தார். அவருக்கு வெளிச்சத்தைப் பற்றித் தெரியாது. கார் எப்போதும்போல வேப்பமரத்துக்கு வெளியே வெயிலில்தான் நின்றது.

உங்கள் காருக்கு அக்கா மகன் கேட்ட விலையைக் கொடுத்தான். பேரம் பேசக்கூட இல்லை.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பழைய கார் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகத்தோடு பார்த்து நடுத்தர விலைதான் சொல்வார். நல்ல காரை வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் விலகிவிடுவார். மோசமான கார்கள் சந்தையில் மிஞ்சும். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். எங்கள் தெரு ஆசிரியருக்கு நடந்தது இதுதான். அடுத்த முறை காரை விற்க அவர் தானே நிற்க மாட்டார், ஏதாவது ஒரு கன்சல்டிங்கில் விட்டுவிடுவார். உங்களிடமே வரலாம். உங்கள் தொழில் வளர்வதற்கு உங்களைப் போன்றவர்கள்தான் காரணம் என்பதை யாரும் மறுக்க முடியாது.

மறைப்பதற்குத் தேவைப்படும் அறிவும் சொல்வதற்குத் தேவைப்படும் அறிவும் ஒன்றுதான் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். ஜப்பானில் பழைய கார் ஏலத்துக்கு வரும்போது கூடவே ஒரு தாள் வரும். அதில் காரை மேலிருந்து பார்த்து விரித்த மாதிரி ஒரு வரைபடம் இருக்கும். கீறலுக்கு 'ஏ', நசுங்கலுக்கு 'யூ', பழுது பார்த்த அலைக்கு 'டபிள்யூ', மாற்றிய பாகத்துக்கு இரட்டை 'எக்ஸ்' என்று ஒவ்வொரு பேனலிலும் குறித்து, பக்கத்தில் அளவையும் எண்ணில் எழுதுவார்கள். கட்டுமானத்தில் அடிபட்டுப் பழுது பார்த்த காருக்குத் தரவரிசையிலேயே 'ஆர்' என்று போட்டுவிடுவார்கள். இலங்கையில் ஜப்பான் கார் வாங்குகிறவர்கள் அந்த ஏலத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். 'டபிள்யூ' இருக்கும் காரும் அங்கே விற்கத்தான் செய்கிறது. அதற்குரிய விலைக்கு விற்கிறது, தெரிந்தவர் வாங்குகிறார்.

அப்படி ஒரு தாள் எழுத உங்களைவிடத் தகுதியானவர் இந்த ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அக்கா மகன் வாங்கிய காருக்கு நீங்கள் எழுத வேண்டியிருந்தது நாலு வரி. இடது ஃபெண்டர் மாற்றியது. இடது முன்கதவு மாற்றியது. பானட்டில் நிறம் இழைத்தது. ரன்னிங் போர்டும் தூணின் அடியும் வெட்டி வெல்டு பிடித்தது. உங்கள் கடையில் இன்று நிற்கும் ஒவ்வொரு காருக்கும் இப்படி நாலு வரியோ பத்து வரியோ உங்கள் நினைவில் இருக்கிறது. சில காருக்கு ஒரு வரியும் இருக்காது. அவை அதிக விலைக்குப் போகட்டும்.

கார் இப்போது ஓடவில்லை, அக்கா வீட்டு வாசலில் நிற்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீல் மூலம் எழுதிய கடிதம் உங்களுக்கு வந்திருக்கும். நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், நாங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. தடிமன் அளவுகள், கம்பளத்துக்கு அடியில் எடுத்த படங்கள், உங்கள் போன் பேச்சு எல்லாம் புகாரோடு இணைந்திருக்கின்றன. புகாரின் முதல் பக்கத்தில் உங்களைப் பற்றி ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. உங்களுக்கு என்னென்ன தெரியும் என்பதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறோம்.